வாடகை அறையில் மூட்டைப்பூச்சி: யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருப்பவருக்குச் சட்டம் தரும் வழிகள்

தங்கிய இடத்தில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று உரிமையாளரிடம் முறையிடும்போது பெரும்பாலும் முதலில் கிடைக்கும் மறுமொழி, "இவ்வளவு காலமும் இங்கே ஒரு மூட்டையும் இருக்கவில்லை, நீங்கள்தான் உங்கள் சாமான்களோடு கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்பதாகும். மத்தியஸ்த சபை, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, நீதிமன்றம் என்று விடயம் எங்கே போனாலும் இந்த ஒரு கேள்விதான் முன்னே நிற்கும்: பூச்சி முன்பே இருந்ததா, வந்தவரோடு வந்ததா? இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லக்கூடியவருக்கே இலங்கைச் சட்டத்தில் உள்ள பாதுகாப்புகள் பயன்படும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் அறை எடுத்துப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள், இடமாற்றம் பெற்று வந்து அனெக்ஸில் (வீட்டோடு சேர்ந்த தனிப்பகுதியில்) இருக்கும் உத்தியோகத்தர்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சில கிழமைகள் வீடு எடுப்பவர்கள், அலுவலாகக் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தை லொட்ஜில் தங்குபவர்கள் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். ஆனால் அவர்கள் நாடவேண்டிய இடம் ஒன்றல்ல.

முதல் இரவிலேயே திரட்டவேண்டிய ஆதாரம்

மெத்தையின் ஓரத் தையலை இரண்டு விரல்களால் விரித்துப் பார்க்கவேண்டும். கட்டில் சட்டங்கள் பொருந்தும் மூலைகள், ஆணித் துளைகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், பிரம்புக் கதிரையின் பின்னல், பனையோலைப் பாயின் மடித்த ஓரம், திரைச்சீலையின் மடிப்பு ஆகியவற்றைக் கைவிளக்கின் ஒளியில் பார்த்தால் நான்கு வகையான அடையாளங்கள் தென்படலாம். முதலாவது, ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமுள்ள, தட்டையான, செம்பழுப்பு நிறப் பூச்சி. இதன் குஞ்சுகள் சிறியவையும் வெளிறியவையுமாக இருக்கும். இரண்டாவது, 1 மில்லிமீற்றர் அளவில் மரத்தோடு ஒட்டிக்கிடக்கும் வெள்ளை முட்டைகள். மூன்றாவது, வளரும்போது பூச்சி கழற்றிவிடும் வெறுந்தோல்கள். நான்காவது, பூச்சியின் எச்சத்தால் உண்டாகும் கறுப்புப் புள்ளிகள். ஈரத்துணியால் தொட்டால் இவை பேனா மை போலக் கலங்கிப் பரவும்.

இந்த அடையாளங்களுக்குச் சட்டத்தில் பெறுமதி இருப்பதற்குக் காரணம், இவை காலத்தைக் காட்டுகின்றன என்பதே. மூட்டைப்பூச்சியின் முட்டை பொரிக்க ஒரு கிழமையளவு வேண்டும். அதன்பின் குஞ்சு ஐந்து முறை தோல் கழற்றவேண்டும். ஒவ்வொரு முறைக்கும் முன்னர் இரத்தம் குடிக்கவேண்டும். எங்களுடைய வெப்பத்திலும் முட்டை வளர்ந்த பூச்சியாவதற்குப் பொதுவாக ஒரு மாதமளவு எடுக்கும். ஆகவே, குடிவந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரே கட்டிலில் முட்டை, பல பருமனில் குஞ்சுகள், குவிந்துகிடக்கும் தோல்கள், மரத்தில் ஊறிப்போன கறை ஆகிய எல்லாம் ஒன்றாகக் காணப்பட்டால், அவை வந்தவருடைய பெட்டியில் வந்தவை என்று சொல்வதற்கு இடமில்லை. மாறாக, ஆறு மாதம் இருந்தபின் முதற்பூச்சியைக் கண்டவருக்கு இந்த வாதம் உதவாது. பக்கத்து அறைகளில் இருப்பவர்களின் அனுபவத்தையும், முன்பு அந்த அறையில் இருந்தவரின் சாட்சியத்தையும் அவர் தேடவேண்டியிருக்கும்.

படம் எடுப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். அறை முழுவதும் தெரியும்படி ஒரு படம், அதே கட்டில் தெரியும்படி இன்னொன்று, பின்னர் கறையும் தோலும் தெரியும்படி அருகிலிருந்து ஒரு நாணயத்தை வைத்து மற்றொன்று என்று தொடராக எடுத்தால், அந்தக் கறை எங்கோ ஒரு மெத்தையில் இருந்தது என்ற மறுப்புக்கு இடம் இராது. அகப்பட்ட பூச்சியைக் கண்ணாடிபோன்ற ஒட்டுநாடாவில் ஒட்டி, திகதியும் இடமும் எழுதி வைக்கவேண்டும். படங்களை அன்றிரவே நம்பிக்கையான ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் திகதி தானாகப் பதிவாகிவிடும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டமும் இத்தகைய பதிவுகளைச் சான்றாக முன்வைக்க வழிசெய்கின்றன. எனவே வட்ஸ்அப் உரையாடல்களை அழிக்கக்கூடாது, மூலப்படங்களை வெட்டவோ திருத்தவோ கூடாது.

கடியைப் பற்றியும் சொல்லவேண்டும். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. ஆனால் கடித்த இடம் தடித்து அரிக்கும், சொறிந்த புண் கிருமி தொற்றிப் பழுக்கும், சிலருக்கு ஒவ்வாமை கடுமையாகும். அடையாளம் தோன்றச் சிலருக்கு இரண்டு கிழமையும் ஆகலாம் என்பதால், கடி தெரியவில்லை என்று ஆதாரம் திரட்டாமல் விடுவது தவறு. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ குடும்ப வைத்தியரிடமோ சென்று, எந்த நாளில் எங்கே படுத்தீர்கள் என்பதைச் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதித்தருமாறு கேட்கவேண்டும். நுளம்புக்கடியும் சிரங்கும் இதைப்போலவே தோன்றக்கூடும். தோலைப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல வைத்தியராலும் இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவது ஒட்டுநாடாவில் உள்ள பூச்சிதான்.

நாட்கணக்கில் தங்கும் விடுதியானால்

விடுதி முகாமையாளரிடம் அந்த நேரத்திலேயே சொல்லவேண்டும். காலையில் கணக்கு முடித்து வெளியேறியபின் சொல்வதன் பலம் குறைவு. வேறு அறை தந்தால், முதல் அறையோடு சுவரைப் பகிராத, அதற்கு மேலோ கீழோ இல்லாத அறையைக் கேட்கவேண்டும், ஏனெனில் பூச்சி சுவர் வெடிப்பினூடாகவும் மின்குழாயினூடாகவும் போகும். அறையை மாற்ற விரும்பாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எதைச் செய்தாலும் பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியேறக்கூடாது.

பணம் பெற்று அறை தருவது ஒரு சேவை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வர்த்தகர் ஒருவர் நுகர்வோருக்கு வழங்கும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்படும் என்பதும், அந்தச் சேவையோடு தரப்படும் பொருட்கள் அவற்றின் நோக்கத்துக்கு நியாயமான அளவில் தகுந்தவையாக இருக்கும் என்பதும் எழுதப்படாமலே ஒப்பந்தத்தில் அடங்கும் உத்தரவாதம் என்று சொல்கிறது. மூட்டை நிறைந்த மெத்தை படுப்பதற்குத் தகுந்த பொருளன்று. "சுத்தமான அறைகள்" என்று விளம்பரம் செய்த இடமானால், நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்யும் 30ஆம் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடலாம். அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் தகவல் சொல்லலாம், ஆனால் அழைப்பு மட்டும் போதாது. 13ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்படவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போய் ஆறுதலாக எழுதலாம் என்று இருந்து இந்தக் காலத்தைத் தவறவிட்டுவிடக்கூடாது. விமானம் ஏறும் முன்னரே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

விடுதி, விருந்தினர் இல்லம், வீட்டுத்தங்கல் ஆகியவற்றைப் பதிவுசெய்வது 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. பதிவுள்ள இடமென்றால் 1912 என்ற இலக்கத்தில் அதற்கும் முறையிடலாம். எயார்பிஎன்பி வழியாக எடுத்த வீடானால், பிரச்சினையைக் கண்டு 72 மணித்தியாலங்களுக்குள் படங்களுடன் அந்த நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். இதில் தாமதித்தால் பணம் மீள்வது கடினம்.

மாதவாடகை அறையானால்

இங்கேதான் சட்டம் சிக்கலானதும், வாடகைக்கு இருப்பவர் மிகவும் தனித்து நிற்பதும். வீட்டுச் சொந்தக்காரர் முன்வீட்டில் இருப்பார், அல்லது தூரத்து உறவினராக இருப்பார். முறைப்பாடு என்ற சொல்லை எடுத்தால் அறையே போய்விடும் என்ற பயம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, உண்மையானது. அந்தப் பயத்தை மதித்தே பின்வரும் படிகளை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் உடன்படிக்கை எத்தகையது என்று பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்கவேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட "ஒரு வருட ஒப்பந்தம்" இந்த நிபந்தனையை நிறைவு செய்யாது. நடைமுறையில் அது மாதாமாத வாடகையாகவே கொள்ளப்படும். இதில் தீமையும் உண்டு, நன்மையும் உண்டு. ஒரு காலண்டர் மாத அறிவித்தல் கொடுத்து உரிமையாளர் முடிக்க முனையலாம்; அதேபோல், பூச்சித் தொல்லை தாங்காமல் வெளியேற விரும்பும் நீங்களும் ஒரு மாத அறிவித்தலோடு வெளியேறலாம், மிகுதி மாதங்களுக்கு வாடகை கட்டும்படி வற்புறுத்துவதற்கு அவருக்கு அடிப்படை இராது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையில் மூட்டைப்பூச்சி போன்ற விடயத்துக்கு விதி இல்லை. தேசவழமை பேசாத இடத்தில் நாட்டின் பொதுச்சட்டமாகிய ரோமன்–டச்சுச் சட்டம் வருகிறது. அதன்படி வாடகைக்குக் கொடுப்பவர், கொடுத்த நோக்கத்துக்குத் தகுந்த நிலையில் இடத்தைக் கையளிக்கவேண்டும், அந்த நிலையில் பேணவும் வேண்டும். படுத்துறங்கக் கொடுத்த அறையில் படுக்கமுடியாவிட்டால், குறையைத் திருத்தும்படி கேட்கவும், இடத்தைப் பயன்படுத்தமுடியாமற்போன அளவுக்கு ஏற்ப வாடகையில் குறைப்புக் கோரவும், குறை பாரதூரமானதென்றால் உடன்படிக்கையை முடிக்கவும் வழியுண்டு. நட்டஈடு வேறு விடயம். மருத்துவச் செலவு, எறியவேண்டிவந்த உங்கள் சொந்த மெத்தை, சலவைச் செலவு, வேறிடத்தில் தங்கிய செலவு ஆகியவற்றைக் கேட்பதற்கு, உரிமையாளருக்குப் பூச்சியிருப்பது தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்கவேண்டும் என்று காட்டவேண்டும். முன்பிருந்தவர் முறையிட்டதற்கான ஒரு குறுஞ்செய்தி, உங்கள் வருகைக்கு முன்னரே மருந்தடித்த பற்றுச்சீட்டு, கட்டிலுக்குப் புதிதாகப் பூசிய வர்ணத்தின் கீழ் தெரியும் பழைய கறை ஆகியவை இதற்குப் பெரிதும் உதவும்.

ஆகையால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து, அவருடைய சகோதரியின் மகன் வாடகை வாங்குபவராக இருந்தால், இருவருக்கும் அனுப்பவேண்டும். வாங்குபவரிடம் அற்றோர்னித் தத்துவம் (உரிமையாளர் சார்பில் செயற்பட எழுத்தில் தந்த அதிகாரம்) இருக்கிறதா என்றும் கேட்டுவைக்கவேண்டும். மரியாதை குறையாத கடிதம் பின்வருமாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களுடைய வீட்டின் பின்பக்க அறையில் இம்மாதம் 3ஆம் திகதியிலிருந்து வாடகைக்கு இருக்கிறேன். 5ஆம் திகதி இரவு, தாங்கள் தந்த கட்டிலின் கால்மாட்டு மூட்டிலும் மெத்தைத் தையலிலும் மூட்டைப்பூச்சிகளையும் முட்டைகளையும் பழைய தோல்களையும் கண்டேன். படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். பதினான்கு நாட்களுக்குள் பதிவுபெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுச் சேவையினரைக் கொண்டு எல்லா அறைகளையும் பார்ப்பித்துத் தருமாறும், அதுவரை வேறு அறையோ மெத்தையோ ஒழுங்குசெய்து தருமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாடகையை வழமைபோலச் செலுத்துவேன். எனது உரிமைகள் எதையும் இக்கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை."

இதைப் பதிவுத்தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் சீட்டைப் பிரதியோடு சேர்த்து வைக்கவேண்டும். ஒரே வளவில் நான்கைந்து பேர் இருந்தால் எல்லோரும் கையொப்பமிடுவது மிகவும் பயனுடையது. தனியொருவரை அனுப்பிவிடுவது எளிது. எல்லோரையும் ஒரே நாளில் அனுப்புவது உரிமையாளருக்கு நட்டம். அதோடு, பல அறைகளில் ஒரே பூச்சி என்பது "நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்" என்ற வாதத்தையும் தளர்த்திவிடும்.

கடிதத்தின் கடைசிக்கு முந்திய வாக்கியத்தில் வாடகை பற்றி எழுதியிருப்பது தற்செயலானதன்று. கோபத்தில் வாடகையை நிறுத்துவதுதான் வாடகைக்கு இருப்பவர் தன் கையால் தனக்குச் செய்யும் பெருந்தீங்கு: அன்றிலிருந்து விடயம் மூட்டைப்பூச்சி பற்றியதாக இராமல் வாடகை நிலுவை பற்றியதாக மாறிவிடும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் உங்கள் இடத்துக்குப் பொருந்துமானால், உரிமையாளர் வாடகையை வாங்க மறுக்கும்போது அதை உள்ளூராட்சி மன்றத்தில் செலுத்தவும் வழியுண்டு. அந்தச் சட்டம் பொருந்துமா என்பது இடத்தின் தன்மையையும், முதன்முதலாக வாடகைக்கு விட்ட காலத்தையும், 2002ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தத்தையும் பொறுத்தது. ஆவணங்களைச் சட்டத்தரணியிடம் காட்டியே இதை முடிவுசெய்யவேண்டும். அறிவித்தல் கொடுத்தும் அவர் ஒன்றும் செய்யாதபோது நீங்களே நியாயமான செலவில் மருந்தடிப்பித்து அதை வாடகையில் கழிப்பதும் அவ்வாறே, சட்டத்தரணியின் ஆலோசனையோடு மட்டும் செய்யவேண்டியது.

முறைப்பாடு செய்ததற்காகப் பூட்டை மாற்றி, சாமான்களை முற்றத்தில் போட்டால், அது சட்டப்படியான வெளியேற்றம் அன்று. வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற நீதிமன்றக் கட்டளை வேண்டும். அப்படி நடந்தால் அன்றே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியவேண்டும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றத்தில் தகவல் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் இருத்த 68ஆம் பிரிவு இடம்தருகிறது. இரண்டு மாதம் என்பது விரைவில் கழிந்துவிடும் காலம். உறவினர்களை வைத்துப் பேசிப்பார்ப்போம் என்று அதைக் கழியவிடவேண்டாம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மத்தியஸ்த சபையும்

டெங்கு நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருப்பதுபோல மூட்டைப்பூச்சிக்கென்று தனிச்சட்டம் இல்லை. ஆயினும், சுகாதாரத்துக்குத் தீங்கான நிலையில் வீட்டை வைத்திருப்பதை 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச்சட்டம் குற்றமாக்குகிறது. தங்குமனைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உண்டு. நகருக்குள் உள்ள இடமானால் யாழ்ப்பாணம் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவையும், திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கமானால் நல்லூர்ப் பிரதேச சபையையும் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் எழுத்தில் நாடவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரால் உங்களுக்கு நட்டஈடு வாங்கித்தர முடியாது. ஆனால் இரு பக்கமும் சேராத ஒருவர் வந்து பார்த்து எழுதிய அறிக்கைக்கு உள்ள மதிப்பு, உங்களுடைய படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தும் இல்லை. அவர் வரும்வரை கட்டிலைக் கழுவி ஒதுக்கிவைக்காமல் இருந்தால் நல்லது.

குறைந்த தொகைப் பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முதலில் போகவேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்காது. சட்டத்தரணி இன்றி இரு தரப்பினரும் நேரே அமர்ந்து பேசும் இடம் அது. மூட்டைப்பூச்சிப் பிணக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து: கேட்கும் தொகை முற்பணமும் ஒரு மாத வாடகையும் சில செலவுகளுமாக இருக்கும்போது, வருடக்கணக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைவதில் பயனில்லை. வழக்குத்தான் வேண்டும், சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவும்.

மருந்தடிப்பதில் செய்யக்கூடாதவை

இதைச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் எங்களுடைய பகுதியில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கும் மருந்து பல வீடுகளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்து மெத்தைக்கு அடிப்பது உயிராபத்து. மூடிய அறையில் அதை முகர்ந்தபடி உறங்குபவர் மயக்கத்திலிருந்து எழாமலும் போகலாம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பதிவில் குறித்த நோக்கத்துக்கே ஒரு மருந்தைப் பயன்படுத்தவேண்டும். உரிமையாளரே தோட்ட மருந்தை அடிக்க வந்தால் மறுத்து, மறுத்ததை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ விபத்துக்கு வழி. வீட்டுக்குரிய மருந்தும் ஒரு முறை அடித்தால் போதாது. முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால் இரண்டு கிழமை கழித்து மறுமுறை அடிக்கவேண்டும். துணிகளை 60 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கழுவுவது பூச்சியையும் முட்டையையும் கொல்லும். வெயிலில் போட்ட மெத்தையின் உட்பகுதி அவ்வளவு சூடாவதில்லை.

உரிமையாளருடைய மெத்தையை அவருடைய அனுமதியின்றி எரிக்கவோ எறியவோ கூடாது. அது அவருடைய பொருள். உங்களுடைய சான்றும் அதுவே.

வெளியேறும்போது

திறப்பைக் கொடுக்கும் நாளில் அறையை மீண்டும் படமெடுத்து, மின்மானி வாசிப்பைக் குறித்து, திறப்பைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கவேண்டும். முற்பணத்தில் "மருந்தடித்த செலவு" என்று கழிக்க முற்பட்டால், எந்த நாளில் யார் அடித்தது என்று பற்றுச்சீட்டைக் கேட்கவேண்டும். சாமான்களை இறுக்கிக் கட்டிய பைகளில் கொண்டுபோய், புதிய இடத்தில் வெந்நீரில் கழுவியபின்னரே அலுமாரியில் வைக்கவேண்டும். இல்லையென்றால் அடுத்த உரிமையாளர் உங்கள்மேல் சொல்லும் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். பெயர் குறித்து இணையத்தில் எழுத விரும்புவோர், கண்டதையும் திகதியையும் மட்டும் எழுதவேண்டும். அவதூறுக்கு நட்டஈடு கேட்டு வழக்கிட அவருக்கும் உரிமை உண்டு.

மத்தியஸ்த சபையில் முடியாத விடயங்களுக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கால எல்லை வகுத்திருக்கிறது. கவலையீனத்தால் உண்டான நட்டத்துக்கு இரண்டு வருடங்களுக்குள்ளும், வாய்மொழி உடன்படிக்கையின் மீது மூன்று வருடங்களுக்குள்ளும், எழுத்திலான உடன்படிக்கையின் மீது ஆறு வருடங்களுக்குள்ளும் வழக்கிடவேண்டும். நுகர்வோர் அதிகாரசபைக்குரிய மூன்று மாத காலம் இவற்றிலிருந்து வேறானது. இவற்றில் காலம் மிச்சமிருக்கிறது என்பதற்காக அது நீளாது.